வெல்லத்தின் நிறத்துக்கு விலை வைக்காதீர்கள்

கொப்பரையில் கரும்புச் சாறு கொதித்து, மேலே திரண்ட அழுக்கையெல்லாம் வழித்தெடுத்து, பாகு இறுக ஆரம்பிக்கும் நேரத்தில் ஒரு பிடி வெள்ளைப் பவுடரை வீசுகிறார்கள். சற்று நேரத்தில் பாகின் நிறம் மாறுகிறது. கரும்பழுப்பாக இருந்தது செம்மஞ்சளாகி, துடுப்பு சுழலச் சுழல வெளிறிய மஞ்சளில் வந்து நிற்கிறது. கூடவே ஒரு நெடி கிளம்பும். தீபாவளியன்று சரவெடி வெடித்து ஓய்ந்த தெருவில் நின்றால் தொண்டையைப் பிடிக்குமே, அதே நெடி. அடுப்புக்குச் சக்கை தள்ளுகிறவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு எட்டு தள்ளிப் போய்விடுவார்.

அந்தப் பவுடருக்கு எங்கள் ரிஷிவந்தியம் பக்கத்தில் 'ஹைட்ரோஸ்' என்று பெயர். சிலர் 'மருந்து' என்பார்கள். வேதியியல் பெயர் சோடியம் ஹைட்ரோசல்பைட். சோடியம் டைதயோனைட் என்றும் சொல்லலாம். அது ஓர் உப்பு. சாயப்பட்டறைகளுக்கென்று தயாராவது. துணியில் சாயம் ஏற்றுவதற்கும், ஏறிய சாயத்தை இறக்குவதற்கும் அது வேண்டும். அங்கே அதற்கு நியாயமான வேலை இருக்கிறது. வெல்லக் கொப்பரையில் அதற்கு என்ன வேலை என்பதுதான் என் கேள்வி.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் நடத்துகிறவள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கரும்பு. அண்ணன் இப்போதும் கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை ஆலை போட்டு வெல்லம் காய்ச்சுகிறார். அதனால் இந்த விஷயத்தைப் புத்தகத்தின் பக்கமிருந்தும் அடுப்பின் பக்கமிருந்தும் பார்க்க எனக்கு வாய்த்திருக்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். வெல்லம் காய்ச்சுகிறவனைப் பிடித்து அபராதம் போடுவதால் மட்டும் இந்தப் பவுடர் போகாது. மண்டியில் நிறத்துக்கு விலை வைப்பது நிற்கும்வரை அது கொப்பரையில் விழுந்துகொண்டேதான் இருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உணவு கெடாமல் இருக்க உப்புகள் சேர்ப்பதற்கே நான் எதிரி அல்ல. எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவில் ஊறுகாய் போடுகிற பெண்கள் சோடியம் பென்சோயேட் சேர்க்கிறார்கள். பென்சாயிக் அமிலக் கணக்கில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரைதான் அனுமதி என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சின்ன எலக்ட்ரானிக் தராசு வைத்து, தாளில் கொட்டி நிறுத்து, நோட்டில் எழுதி, பிறகுதான் கலக்கிறார்கள். பழரசத்துக்குப் போடும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டும் அப்படித்தான். அதற்கு 224 என்று எண் உண்டு, வரம்பு உண்டு, புட்டியின் மேல் அறிவிப்பு உண்டு. சட்டம் இடம் கொடுத்த பொருளை அளந்து போட்டு, வாங்குகிறவருக்கும் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் எந்தக் குறையும் இல்லை.

ஹைட்ரோஸ் இந்தக் கணக்கில் எதிலும் வராது. உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட சல்பைட் உப்புகளின் பட்டியலில் அது இல்லை. மூட்டையின் மேலேயே தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு என்று அச்சடித்திருக்கும். ஈரம் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று உலகம் முழுக்கச் சரக்குப் போக்குவரத்து விதிகளில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். அதைச் சாக்கில் கட்டி, கீற்றுக் கொட்டகையின் ஓரத்தில், சக்கைக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தராசு கிடையாது. கைதான் அளவு. சாறு எவ்வளவு கறுப்போ அவ்வளவு தாராளம்.

இது பாகில் என்ன செய்கிறது? சூடான பாகில் உடைந்து சல்பர் டை ஆக்சைடாகவும் சல்பைட்டாகவும் பிரிகிறது. பாகுக்குக் கருநிறம் தருகிற பொருட்களின் வண்ணத்தை அது முடக்கிவிடுகிறது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் சோடியம் சல்பைட்டில் நீர்த்த அமிலத்தை விட்டு, பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்த ஆரஞ்சு நிறத் தாளைச் சோதனைக் குழாயின் வாயில் பிடிக்கச் சொல்வேன். தாள் பச்சையாகும். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. அதே வாயுதான் அண்ணனின் பக்கத்துக் கொட்டகையில் ராத்திரி முழுக்க ஆட்களின் நெஞ்சுக்குள் போகிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் விடியற்காலையில் இருமும் இருமலைக் கேட்டவர்களுக்கு அது வேடிக்கையாகத் தெரியாது.

நிறம் முடக்கப்படுகிறதே ஒழிய, அழுக்கு வெளியேறுவதில்லை. இதைப் பலரும் புரிந்துகொள்வதில்லை. மஞ்சள் வெல்லம் சுத்தமான வெல்லம் என்று நினைக்கிறார்கள். சுத்தம் செய்வது சுண்ணாம்பும், வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி எடுத்த கொழகொழப்பான சாறும், அழுக்கை வழித்தெடுக்கிற ஆளின் பொறுமையும்தான். சுண்ணாம்பு சாற்றின் புளிப்பை முறிக்கிறது. வெண்டைச் சாறு மிதக்கும் கசடைத் திரட்டி மேலே கொண்டுவருகிறது. அதை விடாமல் வழித்துக்கொண்டே இருந்தால் பாகு தெளியும். நுரை பொங்கினால் சொட்டு ஆமணக்கு எண்ணெய். எங்கள் அப்பா காலத்தில் கொட்டகைக்குள் போனது அவ்வளவுதான். ஹைட்ரோஸ் வந்தபின் வழிப்பதற்கு ஆள் போடுவது குறைந்தது. கசடு உள்ளேயே தங்கினாலும் கண்ணுக்குத் தெரியாதே.

வெல்லம் ஏன் கறுக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாத் தவறும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரே கரும்பு ரகம், ஒரே கொப்பரை, ஒரே ஆள். ஆனாலும் மணிமுக்தா ஆற்றோரத்து நிலத்துக் கரும்பும் மேட்டுக்காட்டில் ஆயிரம் அடி போர்த் தண்ணீரில் விளைந்த கரும்பும் ஒரே நிற வெல்லம் தராது. தண்ணீரில் உப்பு ஏறினால் சாற்றிலும் ஏறும். வெல்லம் கறுத்து, நாக்கில் லேசாகக் கரிக்கும். யூரியாவை அள்ளிப் போட்ட வயலின் கரும்பு காய்ச்சும்போதே பிடிவாதம் பிடிக்கும், பதம் வராது, வெல்லம் இளகும். வெட்டி மூன்று நாள் களத்தில் கிடந்த கரும்பில் சர்க்கரை பிளந்துபோய் நிறம் இன்னும் மோசமாகும். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம் தந்த கோ 86032 ரகம் வெல்லத்துக்கு நல்ல ரகம் என்று பெயரெடுத்தது. அதுவும் மண்ணையும் தண்ணீரையும் மீறி எதுவும் செய்துவிடாது.

ஆகவே கறுத்த வெல்லமெல்லாம் நல்ல வெல்லம் என்று நான் சொல்லவில்லை. இயற்கை வெல்லம் என்ற பெயரில் தீய்ந்துபோனதை விற்கிறவர்களும் உண்டு. வெல்லத்தின் நிறம் அந்த நிலத்தின் கதையைச் சொல்லும். உப்புத் தண்ணீர், அளவு மீறிய உரம், தாமதமான வெட்டு எல்லாம் அதில் தெரியும். ஹைட்ரோஸ் அந்தக் கதையை அழித்துவிடுகிறது. அழித்தபின் நல்ல நிலத்தில் பாடுபட்டவனுக்கும், மூன்று நாள் கரும்பைக் காய்ச்சியவனுக்கும் மண்டியில் ஒரே விலை. உழைத்தவனுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

கரும்பு ஏன் மூன்று நாள் களத்தில் கிடக்கிறது என்றும் கேட்க வேண்டும். எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. ஆலைக்குப் பதிந்த கரும்புக்கு வெட்டு உத்தரவு வர வேண்டும், வெட்ட ஆள் வர வேண்டும், லாரி வர வேண்டும், ஆலை வாசலில் வரிசையில் நிற்க வேண்டும், அதற்குப் பிறகு பணம் வர வேண்டும். வீட்டில் கல்யாணமோ, பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ இருக்கிறவர் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. ஒரு டன் கரும்பைக் காய்ச்சினால் ஏறக்குறைய நூறு கிலோ வெல்லம் விழும். சிப்பம் கட்டி மண்டிக்கு ஏற்றினால் அந்த வாரமே கையில் காசு. வெல்லம் காய்ச்சுவது எங்கள் பக்கத்தில் பலருக்கு ஆசைத் தொழில் அல்ல, அவசரத் தொழில். அவசரத்தில் இருக்கிறவனிடம் மண்டி என்ன நிறம் கேட்கிறதோ அந்த நிறத்தில்தான் வெல்லம் வரும்.

அண்ணன் ஹைட்ரோஸ் போடுவதில்லை. அதற்கு அவர் கொடுக்கிற விலையை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். போன தை மாதத்துக்கு முன்னால் சிப்பங்களை மண்டியில் இறக்கியபோது நானும் கூடப் போயிருந்தேன். வியாபாரி சாக்கின் வாயைக் கொஞ்சம் பிரித்தார், ஓர் உருண்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், திரும்ப உள்ளே போட்டார். வாயில் போட்டுப் பார்க்கவில்லை. உடைத்துப் பார்க்கவில்லை. முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் எலுமிச்சை நிறத்தில் அடுக்கியிருந்த சிப்பங்களுக்குச் சொன்ன விலையைவிடக் குறைத்து ஒரு விலை சொன்னார். "இது மாட்டுக்குத்தான் போவும், இல்லன்னா மலைக்குத்தான் போவும்" என்றார்.

திரும்பி வரும்போது அண்ணன் சொன்னார்: "பாப்பா, நீ ஸ்கூல்ல பாடம் நடத்துற. எனக்குப் பாடம் நடத்துறது மண்டிக்காரரு. அவரு நிறத்தப் பாத்துதான் மார்க்கு போடுறாரு. நான் எத்தினி வருசம் ஃபெயில் ஆயிக்கினே இருக்கிறது?"

"மலைக்குப் போவும்" என்று வியாபாரி சொன்னதன் பொருள் எங்கள் மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்வராயன் மலையில் சாராய ஊறல் போட வெல்லம் வேண்டும். மலையடிவாரத்தில் வெல்ல மூட்டைகளை மறித்துப் பறிமுதல் செய்வது போலீசின் வழக்கமான வேலைகளில் ஒன்று. அதற்கு வேண்டிய கண்ணும் காதும் அரசிடம் இருக்கிறது. ஆனால் அந்த மூட்டைக்குள் இருக்கும் வெல்லத்தில் என்ன விழுந்தது, அந்தப் பவுடர் எந்தக் கடையிலிருந்து எந்தக் கொட்டகைக்குப் போனது என்று கேட்க ஆள் இல்லை. எங்கள் பக்கத்திலிருந்து யார் போய்க் கேட்டாலும், பெயர், ஊர், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லாமல் ஹைட்ரோஸ் நிறுத்துக் கொடுக்கிறார்கள்.

2024 ஜூன் மாதத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களைக் கொன்ற மெத்தனாலும் தொழிற்சாலைக்கென்று உள்ள பொருள்தான். மெத்தனாலையும் ஹைட்ரோசையும் ஒரே தட்டில் வைத்து நான் பயமுறுத்தவில்லை. ஒன்று ஒரே நாளில் உயிரைக் குடிப்பது, மற்றது அப்படிப்பட்டதல்ல. ஆனால் இரண்டும் வந்த பாதை ஒன்று. தொழிற்சாலை வாசலில் இறங்க வேண்டிய வேதிப்பொருள், கணக்குக் கேட்பார் இல்லாமல், ஏழை வாய்க்குப் போகும் பொருளில் கலக்கிறது. மெத்தனாலுக்கு உரிமம் என்று ஒன்று இருந்தும் கசிந்தது. ஹைட்ரோசுக்கு அந்தக் கதவுகூடப் போடவில்லை. அத்தனை சாவைப் பார்த்த மாவட்டம் இது. வேதிப்பொருள் விற்பனைப் பதிவேடு என்பதை மற்ற எந்த மாவட்டத்துக்கும் முன்பாக நாம் கேட்டிருக்க வேண்டும்.

உடலுக்கு என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும்போது கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது. சல்பைட் எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. பெரும்பாலானவர்களின் உடல் சிறிய அளவைச் சமாளித்து வெளியேற்றிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு அது மூச்சை அடைக்கும். அமெரிக்காவில் உணவகங்களில் வெட்டிவைத்த காய்கறி வாடாமல் இருக்கச் சல்பைட் தெளித்து, அதைச் சாப்பிட்ட ஆஸ்துமாக்காரர்கள் இறந்ததாகப் புகார்கள் வந்தபின், 1986-ல் அந்த நாட்டு அரசு பச்சைக் காய், பழங்களில் அதைத் தெளிப்பதற்கே தடை போட்டது. தயமின் எனும் பி1 வைட்டமினைச் சல்பைட் அழிக்கும் என்பதும் நன்றாகத் தெரிந்த வேதியியல்.

நம் சட்டம் வெல்லத்தில் சல்பர் டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தது. இதைக் கொட்டகைக் கணக்கில் சொல்கிறேன். ஒரு கொப்பரையில் 80 கிலோ வெல்லம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 80 கிலோவுக்கும் சேர்த்துச் சட்டம் பொறுத்துக்கொள்வது ஐந்தரை கிராம் சல்பர் டை ஆக்சைடு. ஐந்தரை கிராம் ஹைட்ரோஸ் ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. வீசுவதோ ஒரு பிடி, சில இடங்களில் இரண்டு பிடி. அதில் பெரும் பங்கு கொதியில் ஆவியாகப் போய்விடும் என்பது உண்மைதான். எவ்வளவு போகும், எவ்வளவு தங்கும் என்பது கொதியைப் பொறுத்தது, கடைசிப் பிடி எப்போது விழுந்தது என்பதைப் பொறுத்தது. பதம் வரும் தறுவாயில் போட்டால் ஆவியாக நேரம் ஏது? வரம்புக்குள் நின்றால் அது தற்செயல்.

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, ஒருவர் உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம் சல்பர் டை ஆக்சைடு வரை தினமும் உட்கொள்ளலாம் என்று வைத்தது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பத்தரை மில்லிகிராம். சட்ட வரம்புக்குள் உள்ள வெல்லமானால் 150 கிராம் தின்றால்தான் அந்த அளவு வரும். எந்தக் குழந்தையும் அவ்வளவு தின்னாது. வெல்லத்தில் நான்கு மடங்கு இருந்தால்? முப்பத்தெட்டு கிராம் வெல்லத்திலேயே எல்லை தாண்டிவிடும். பொங்கலன்று ஒரு குழந்தை கேட்டு வாங்கிச் சாப்பிடும் இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கலில் அவ்வளவு வெல்லம் இருக்கும். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவிலும் வெல்லம் சேர்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

"கெட்டுப் போகாம இருக்கத்தான் போடுறோம்" என்று சிலர் சொல்வார்கள். இதை நம்பாதீர்கள். வெல்லம் கெடாமல் இருப்பதற்குத் தனியாக ஓர் உப்பு வேண்டாம். அதிலுள்ள சர்க்கரையே அதற்குக் காவல். ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் லிங்கத்துக்குத் தேன் அபிஷேகம் ஆகும்போது அம்மையப்பன் உருவம் தெரியும் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அந்தத் தேனில் யாரும் எந்தப் பவுடரும் கலப்பதில்லை. கிருமி வாழத் தேவையான தண்ணீர் தேனில் இல்லை, அவ்வளவுதான். வெல்லமும் அப்படியே. 118 டிகிரிக்குப் பக்கத்தில் பதம் பார்த்து இறக்கி, ஈரம் ஐந்தாறு சதவீதத்துக்குள் நின்றால், காற்றுப் படாமல் வைத்த வெல்லம் மழைக்காலம் தாண்டி நிற்கும். ஹைட்ரோஸ் போட்ட வெல்லத்தின் கதை வேறு. மண்டியில் மின்னிய அதே மஞ்சள், சில மாதம் வீட்டில் இருந்தால் மெல்லப் பழுப்பேறிவிடும். முடக்கி வைத்த நிறம் திரும்பி வருகிறது. விற்கும் நாளுக்கு மட்டும் அழகு.

சேலம் மாவட்டத்தில் ஓமலூர் பக்கமெல்லாம் உணவுப் பாதுகாப்புத் துறையினர் வெல்ல ஆலைகளில் சோதனை போட்டு, ஹைட்ரோசையும் கலப்படத்துக்கு வைத்திருந்த வெள்ளைச் சர்க்கரை மூட்டைகளையும் பறிமுதல் செய்த செய்தி ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி வருகிறது. அந்த அதிகாரிகள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் செய்தி வந்த மறுவாரம் மண்டிக்குப் போய்ப் பாருங்கள், அதே எலுமிச்சை நிறம். கொட்டகைகள் எத்தனையோ கிராமங்களில் சிதறிக் கிடக்கின்றன. ராத்திரியில் காய்ச்சுகிறார்கள். ஓர் அதிகாரி எத்தனை கொட்டகைக்கு ஓடுவார்? மண்டிகளோ விரல்விட்டு எண்ணக் கூடியவை. சேலம் செவ்வாய்ப்பேட்டை, நாமக்கல் பிலிக்கல்பாளையம், ஈரோடு சித்தோடு, கவுந்தப்பாடி என்று நான்கைந்து இடங்களைப் பிடித்தால் இந்த மாநிலத்து வெல்லத்தின் பெரும்பகுதியைப் பிடித்துவிடலாம்.

எனவே சோதனை மண்டியில் நடக்கட்டும். ஏலம் விடும் முன் ஒவ்வொரு கொட்டகையின் சரக்கிலிருந்தும் ஒரு மாதிரி எடுக்கட்டும். சல்பர் டை ஆக்சைடு அளவு பார்ப்பது பெரிய விஞ்ஞானம் இல்லை. அமிலம், அயோடின், ஸ்டார்ச், ஒரு பியூரெட் இருந்தால் பிளஸ் டூ படித்த பெண் பத்து நிமிடத்தில் உத்தேச அளவைச் சொல்லிவிடுவாள். சந்தேகம் வந்த சரக்கைச் சேலத்தில் இருக்கும் அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். சிப்பத்தின் மேல் சோதனை எண் ஒட்டட்டும். ஏலப் பலகையில் நிறத்துக்குப் பதிலாக ஈரமும் சல்பைட்டும் எழுதப்படட்டும். தேறாத வெல்லம் ஏலத்துக்கே வராது என்று ஒரு பருவம் உறுதியாக நின்றால் போதும், மண்டிக்காரர் தானே கொட்டகைக்குப் போன் போட்டு 'மருந்து போடாதே' என்பார்.

இரண்டாவது, அரசே பெரிய கொள்முதல்காரர். 2022 பொங்கல் பரிசுத் தொகுப்பில் 21 பொருட்கள் கொடுத்தார்கள், வெல்லமும் இருந்தது. பல ஊர்களில் அது பையிலேயே உருகி ஒழுகி, பெரிய புகாராயிற்று. 2023-ல் வெல்லத்துக்குப் பதில் சர்க்கரை கொடுத்தார்கள். அதில் எனக்கு மனசு ஆறவில்லை. வெல்லம் ஒழுகியது வெல்லத்தின் குற்றமா? ஈரம் இவ்வளவு, சல்பைட் இவ்வளவு என்று நிபந்தனை போட்டு, விவசாயிகளின் குழுக்களிடமே வாங்கியிருந்தால் ஒழுகியிருக்குமா? கெட்டதைத் திருத்துவதற்குப் பதில் வெல்லத்தையே கைவிட்டுவிட்டோம். பொங்கலுக்கு வெல்லம் காய்ச்சும் ஒரு மாநிலம், தன் கரும்பு விவசாயிக்கு இருந்த மிகப் பெரிய வாடிக்கையாளரைத் தானே பறித்துவிட்டது.

பழனி தேவஸ்தானம் பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நாட்டுச் சர்க்கரை வாங்குகிறது. கோயில் வாங்குகிறது என்பதற்காகவே அங்கே தரம் பார்த்துக் காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அறநிலையத் துறையின் கீழ் உள்ள ஒவ்வொரு கோயிலும் பிரசாதத்துக்கு வெல்லம் வாங்கும்போது, சோதனைச் சான்று உள்ள கறுத்த வெல்லம்தான் வேண்டும் என்று எழுதினால் என்ன? சத்துமாவு தயாரிக்க வாங்கும் வெல்லத்துக்கும் அதே வரி சேரட்டும்.

கறுத்த வெல்லத்துக்கு விலை கிடைக்காது என்பவர்களுக்கு மறையூரைக் காட்டுவேன். உடுமலையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் இடுக்கி மாவட்டத்து மறையூர். அங்கே காய்ச்சும் வெல்லம் கரும்பழுப்பாகத்தான் இருக்கும். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கறுப்புதான் அதன் அடையாளம், விலையும் அதற்குத்தான் கூடுதல். நம் பக்கத்திலிருந்து போகும் வெல்லத்தை மறையூர் வெல்லம் என்று விற்று ஏமாற்றுகிறார்கள் என்று அந்த ஊர் விவசாயிகள் புகார் சொல்லும் அளவுக்கு அதற்கு மதிப்பு. கண் பழகியதை மாற்ற முடியாது என்பதில்லை.

வீட்டுக்கு வாங்குகிறவர்களும் கொஞ்சம் மாற வேண்டும். கடையில் போய் "நல்ல மஞ்சளா இருக்கிறதா குடுங்க" என்று கேட்பதை நிறுத்துங்கள். உடைத்துப் பாருங்கள், உள்ளும் வெளியும் ஒரே சீரான வெளிர் மஞ்சளாக, மணமே இல்லாமல் இருந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். கொஞ்சம் வெந்நீரில் கரைத்து முகருங்கள். கரும்புச் சாற்று மணம் வர வேண்டும். மூக்கைச் சுருக்கவைக்கும் நெடி வந்தால் கடைக்காரரிடம் சொல்லுங்கள், அவர் மண்டிக்காரரிடம் சொல்வார். சர்க்கரைப் பொங்கல் கொஞ்சம் கறுப்பாக வந்தால் மாமியார் முகம் சுளிப்பார் என்று என்னிடம் ஒரு பெண் சொன்னார். அந்த மாமியாரிடம் அவர் சின்ன வயதில் சாப்பிட்ட பொங்கல் என்ன நிறம் என்று கேட்கச் சொன்னேன்.

ஹைட்ரோஸ் விற்பனைக்கு ஒரு பதிவேடு, மண்டியில் ஒரு சோதனை மேசை, அரசுக் கொள்முதலில் ஒரு நிபந்தனை. இவற்றில் மண்டிச் சோதனைக்கும் கொள்முதல் நிபந்தனைக்கும் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். சோதனைக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமே போதும். ஆட்சியர் மனசு வைத்தால் மாவட்ட அளவில் பாதியைத் தொடங்கிவிடலாம். வெல்லம் காய்ச்சுகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசட்டும். கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தாரை அழைத்து, சுண்ணாம்பும் வெண்டைச் சாறும் எந்த அளவில், எந்தச் சூட்டில் போட்டால் பாகு தெளியும் என்று கொப்பரைப் பக்கத்திலேயே செய்து காட்டச் சொல்லட்டும். கார்த்திகையில் எங்கள் பக்கம் அடுப்பு ஏறிவிடும். அதற்குப் பிறகு சொன்னால் யார் காதிலும் ஏறாது. மண்டிகளுக்கும் கொட்டகைகளுக்கும் அறிவிப்பு ஐப்பசிக்குள் வந்து சேர வேண்டும்.